பெயர் ஒட்டாத ஆறு குழாய்கள்

மந்தைவெளியில் எங்கள் தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையத்தில், லேப் டெக்னீசியன் பயிற்சிக்கு வந்த பெண் எனக்கு ரத்தம் எடுத்தாள். போன முறை இரண்டு குழாய், இம்முறை மூன்று. இவர்கள் கற்றுக்கொள்ள என் ரத்தமா என்று சந்தேகம். அவள் பெயர்ச்சீட்டு ஒட்டுமுன், "மூணாவது எதுக்கும்மா?" என்று கேட்டு நிறுத்தினேன்.

"தைராய்டும் எழுதியிருக்காங்க, சார்" என்று குழாய்களை ஸ்டாண்டில் வைத்துவிட்டு மருத்துவர் சீட்டைக் காட்டினாள். நான் விடாமல் ஏழு கேள்வி கேட்டேன். பக்கத்து நாற்காலி அம்மாவுக்கு ரத்தம் எடுத்த ஊழியரும், தன் மூன்று குழாய்களை அதே ஸ்டாண்டில் வைத்துவிட்டு என்னைச் சமாதானப்படுத்த வந்தார்.

திரும்பினால், பெயரில்லாத ஆறு குழாய்கள்.

"இந்தப் பக்கம் சாரோடது" என்றார் ஊழியர்.

பயிற்சிப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு நிச்சயமாத் தெரியல. ரெண்டு பேருக்கும் மறுபடி எடுத்துடலாம்."

"இன்னா சார், நீ கேள்வி கேட்டதுக்கு நான் ரெண்டு குத்து வாங்கணுமா?" என்றார் அந்த அம்மா. ஆறு குழாய்களையும் ஒதுக்கிவிட்டு, இருவருக்கும் மறுபடி எடுத்தார்கள்.

குழாய் மாறி அந்த அம்மாவின் சர்க்கரை அளவு என் பெயரில் வந்திருந்தால், என் மாத்திரையையே மாற்றியிருப்பார்கள்.

இப்போதெல்லாம் ஊசிக்கு முன்பே எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன். ரத்தம் எடுத்தபின், ஒவ்வொரு குழாயிலும் என் பெயர் ஏறும்வரை வாயைத் திறப்பதில்லை. கண்ணை மட்டும் எடுப்பதில்லை.