ரப்பர் வேரின் முழங்கை

போன மழைக்கு அத்தானின் தோட்டத்தில் ஒரு ரப்பர் மரம் சாய்ந்தது. பெரிய காற்றுகூட இல்லை. பால்வெட்டுத் தொடங்க வேண்டிய பருவம். வளைகுடாவில் வெந்து சம்பாதித்ததை எல்லாம் அவர் கருங்கல் ஊருக்குப் பக்கத்துச் சரிவில்தான் ரப்பராக நட்டிருந்தார்.

பால்வெட்ட ஏற்பாடு செய்திருந்த ஆள் வந்து பார்த்தார். "கல்ஃபுல ஏசில படுத்துக் கெடந்த ஆளு நட்ட மரமில்லியா, அதும் படுத்துட்டு" என்றார். அத்தானும் சேர்ந்துதான் சிரித்தார்.

நான் வேரைப் பார்த்தேன். ஆணிவேர் கொஞ்சம் இறங்கி, முழங்கை மடக்கியதுபோலப் பக்கவாட்டில் திரும்பி, மறுபடி கீழே போயிருந்தது. முறிந்தது அந்த மடக்கில்.

நடுவதற்கு முன், நாற்றுப் பைகளில் விதை முளைத்த சமயம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தது. பைகளில் தண்ணீர் தங்கி வேர் அழுகிவிடும் என்று அத்தான் எல்லாப் பைகளையும் படுக்க வைத்தார். மழை விட்டதும் நிமிர்த்தினார். வளைந்த குருத்துகள் தாமாக நேராயின. வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

பழைய கடையில் வாங்கிய தாவரவியல் புத்தகத்தில் நான் படித்திருக்கிறேன். செடி சாய்ந்தால் ஆக்சின் என்ற ஹார்மோன் அடிப்பக்கம் சேரும். தண்டில் அந்தப் பக்கம் வேகமாக வளர, தண்டு மேலே வளையும். வேரில் நேர்மாறு. ஆக்சின் சேர்ந்த பக்கம் வளர்ச்சி மட்டுப்படும், மேல்பக்கம் நீளும், நுனி கீழே திரும்பும். படுத்த பையில் வேர் பூமியைத் தேடித் திரும்பியிருக்கிறது. நிமிர்த்தியதும் மறுபடி திரும்பியிருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

நிற்கிற மரம் ஒன்றின் அடியைத் தோண்டினோம். அங்கும் அதே முழங்கை.

"எல்லாத்துக்கும் இப்பிடித்தானாலே?"

"எல்லாத்தையும் படுக்கத்தானே போட்டிய அத்தான்."

"இனி நிமிருமா?"

"முத்திப்போன வேரு. நிமிராது."

அவர் குழியை மூடி, காலால் மண்ணை மிதித்தார். "அக்காகிட்ட சொல்லாண்டாம்."

அக்கா பின்னால்தான் நின்றாள். "கேட்டுட்டுதான் நிக்கேன். சோறு ஆறுது, வாங்க ரெண்டுபேரும்."

சாப்பிடும்போது அத்தான் திரும்ப வளைகுடாவுக்குப் போகலாமா என்று கேட்டார். "இந்த வயசுல ஒங்களுக்கு எவன் விசா தருவான்?" என்றாள் அக்கா. வெளியே காற்று கிளம்பியது. பிசைந்த சோற்றோடு மூவரும் தோட்டத்துப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.