தகப்பன் பேரில் கப்பல் ஏறினவன்

ஆக்களுக்கு அவையின்ர மூதாதையரைத் தேடிக் குடுக்கிறதுதான் என்ர தொழில். கிடைக்காட்டி என்னோட கோவிப்பினம், கிடைச்சா இன்னும் கூடக் கோவிப்பினம். பதினைஞ்சு வருசமா லண்டன் ஆவணக் காப்பகங்களில குந்தியிருக்கிறன். பேனை கொண்டு போக ஏலாது, பென்சில் மட்டும்தான். பழைய பதிவேட்டை ஸ்பொஞ்சுத் தலகாணியில படுக்க வைச்சு, கைக்குழந்தையைப் பிரட்டுற மாதிரித் தாளைப் பிரட்ட வேணும். அதெல்லாம் எனக்குக் கஷ்டமில்லை. அதுகளை எழுதி வைச்ச கிளாக்குமாரும், அவை எழுதினதை வேதவாக்கெண்டு நம்புற ஆக்களும்தான் என்ர உயிரை வாங்குகினம். தகப்பன்ர பேரை முன்னுக்கும் தன்ர பேரைப் பின்னுக்கும் வைச்சுக்கொண்டு இந்த நாட்டில ஃபோம் நிரப்பின எல்லாருக்கும் என்ர வயித்தெரிச்சல் விளங்கும்.

சட்டகம் தயார்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில ஒரு அண்ணை. மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வெள்ளைக்காரப் பெடியன். அவன்ர வீட்டுச் சுவரில சிங்கமும் வாளும் போட்ட குடும்பச் சின்னம் தொங்குதாம். அண்ணைக்கு அது மானப் பிரச்சினையாப் போச்சு. எங்கட சேர்நேமைப் பிடிச்சுக்கொண்டு ஐந்நூறு வருசம் பின்னால போங்கோ, ஏதாவது அம்பிடும் எண்டு வந்து நிண்டார்.

"அண்ணை, உங்கட சேர்நேம் உங்கட அப்பா. அவற்ற சேர்நேம் உங்கட அப்பப்பா. தலைமுறைக்குத் தலைமுறை பேர் மாறுது. அதைப் பிடிச்சுக்கொண்டு ஒரு படிக்கு மேல ஏற ஏலாது" எண்டு இரண்டு தேத்தண்ணி குடிச்சு முடியும் வரைக்கும் விளங்கப்படுத்தினன். எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, வெளிக்கிடேக்க வாசலில நிண்டு சொல்லுறார்: "சட்டகம் அடிச்சு ஹோலில கொழுவியாச்சு தங்கச்சி, உள்ளுக்குப் போட ஒரு மிருகமாவது தாங்கோவன்."

அப்பாவுக்கு இரத்தப் பரிசோதனை

அண்ணையைச் சொல்லிக் குற்றமில்லை. என்ர பேர் வசந்தி. என்ர அப்பா சிவபாதம் இங்கிலாந்தை எட்டியும் பாக்காமல் ஊரிலயே செத்துப் போனவர். ஆனால் என்ர பாஸ்போட்டில அவற்ற பேர் முன்னுக்கு நிண்டதால, இஞ்ச அவர்தான் நான். இரத்தம் குடுக்கக் கிளினிக்குக்குப் போனால் "சிவபாதம்! சிவபாதம்!" எண்டு கூப்பிடுகினம். செத்த மனுசனுக்காக நான் எழும்பிப் போறன்.

ஒருநாள் பொறுக்க ஏலாமல் கவுண்டரில நிண்ட பிள்ளையிட்டச் சொன்னன்: அது என்ர அப்பாவின்ர பேர், அவர் உயிரோட இல்லை, தயவுசெய்து மாத்துங்கோ எண்டு. அவள் கம்பியூட்டரைத் தட்டித் தட்டிப் பாத்தாள். பிறகு நல்ல மரியாதையாச் சொன்னாள்: "இன்னொராளின்ர பேரை நீங்கள் மாத்த ஏலாது, அவரையே ஒருக்கா நேர வரச் சொல்லுங்கோ."

வில்லியம் மட்டர்

இந்த எரிச்சலோட இருக்கேக்கதான் ரூத் வந்தவ. இஞ்ச டூட்டிங்கில இருக்கிற நேர்ஸ். மேரிலாண்டில பிறந்த கறுப்பு அமெரிக்கப் பெண். அங்க அவவின்ர அம்மா இருக்கிறா, எண்பத்தெட்டு வயசு, ரிட்டயரான ரீச்சர். மேரிலாண்ட் இங்கிலீஸ்காரன்ர குடியேற்றமா இருந்த காலத்து வழக்கேடொண்டை அந்த மனுசி தேடிப் பிடிச்சு வைச்சிருக்கிறா. அதில "மோட்டு எண்ட கிழக்கிந்தியன்", எங்கட பக்கத்து ஆக்களை அப்ப அப்பிடித்தான் எழுதுறது, நீதிமன்றத்துக்கு மனுக் குடுக்கிறான்: நான் அடிமை இல்லை, லண்டனில பத்திரம் எழுதி ஏழு வருச வேலைக்குக் கூட்டி வந்தவங்கள், ஏழு வருசம் முடிஞ்சுது, என்னை விடுங்கோ. வழக்குத் தோத்துப் போச்சு. அடிமையாவே செத்தான். அவன்ர வழியில வந்தவைதான் இவை. அவன் அடிமையா வரேல்லை, அடிமையாக்கினவங்கள் எண்டு, தன்ர கண் மூட முந்தி எங்கேயாவது எழுதியிருக்க வேணும். இதுதான் அந்தத் தாயின்ர ஆசை.

மூண்டு மாசம் தேடினன். வழக்கேட்டில இருக்கிற அதே கப்பல் கப்டன், அதே தோட்ட முதலாளி, ஏழு வருசம், எல்லாம் பொருந்தி வாற ஒரு பத்திரம் கிடைச்சுது. கையெழுத்துக்குப் பதிலா ஒரு புள்ளடி. ஆனால் பேர் வில்லியம் மட்டர். ரூத்தின்ர முகம் வாடிப்போச்சு, இது ஆரோ இங்கிலீஸ்காரன் எண்டா. நான் அந்தப் பேரைக் கெதியாச் சொல்லிப் பாத்தன். வில்லியம் மட்டர், வில்லம் மட்டு... ஐயோ கடவுளே, வேலன் முத்து! தகப்பன் வேலன், மகன் முத்து, வழக்கேட்டில மோட்டு. கிளாக்கன் காதில விழுந்ததைத் தன்ர ஊர்ப் பேராக்கிப் போட்டான். விசயத்தைச் சொன்னன். ரூத் அந்தப் பேப்பரைத் தன்ர பக்கம் இழுத்துப் பாத்திட்டுக் கேட்டா: "அப்ப அவன் தகப்பன்ர பேரிலயா கப்பல் ஏறினவன்?"

எசமான் கேட்ட கேள்வி

அடுத்த நாள் காப்பகத்தில ஒரு பக்கம் அந்தப் பத்திரமும், மறுபக்கம் ரூத்தின்ர அம்மா அனுப்பின வழக்கேட்டுப் பிரதியுமா வைச்சு வடிவா வாசிச்சன். முதலாளிதான் பத்திரத்தின்ர தன்ர பிரதியைக் கோட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறான். இதில வில்லியம் எண்டு இருக்கு, இவன்ர பேரைக் கேளுங்கோ எண்டிருக்கிறான். கேட்டிருக்கினம். அவன் தன்ர பேரைச் சொல்லியிருக்கிறான். வேற என்னத்தைச் சொல்லுவான்? உன்ர பேர் என்ன எண்டு கேட்டால் எங்கட ஆள் ஆராவது தகப்பன்ர பேரைச் சொல்லுவானா?

அவ்வளவுதான். வில்லியம் ஓடிப் போயிட்டான், இவன் மோட்டு, இவன் நான் வாங்கின அடிமை எண்டு முதலாளி சத்தியம் பண்ணினான். இரண்டு வரியில ஒரு மனுசன்ர சீவியத்தை முடிச்சுப் போட்டாங்கள். "அறுவான்! நாசமாப் போவான்!" எண்டு வாய்விட்டுத் திட்டிப்போட்டன். கண்ணீர் வேற ஓடுது. மேற்பார்வையாளர் பூனை மாதிரி வந்து காதுக்குள்ள சொன்னார்: "அழுகிறதெண்டால் வெளியில போய் அழுங்கோ, பத்திரம் நனைஞ்சு போகும்."

ஒராளா, இரண்டு பேரா

அமெரிக்காவில ஒரு சங்கம். அந்தக் காலத்தில பத்திரம் எழுதிக் கப்பலேறின ஆக்களின்ர வழித்தோன்றல்களைத் தேடிப் பதிஞ்சு புத்தகம் போடுகினம். அதிலதான் எழுதுவிக்க வேணும் எண்டு தாய் விண்ணப்பிச்சவ. நான் பதினொரு பக்கத்தில விளக்கம் எழுதினன். முதலாளியின்ர வேலைக்காரர் பட்டியலில வில்லியம் காணாமல் போன அதே வருசம் அடிமைப் பட்டியலில மோட்டு முளைக்கிறான். உண்மையா ஓடிப் போயிருந்தால் பிடிச்சுத் தாங்கோ எண்டு முதலாளி பத்திரிகையில விளம்பரம் போட்டிருப்பான். நான் தேடின இடத்தில அப்பிடி ஒண்டும் இல்லை. எங்கட பேர் வைக்கிற முறையையும் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி எழுதினன். நூற்றுக்கு நூறு நிச்சயம் எண்டு எழுதேல்லை, தொழிலில பொய் சொல்ல மாட்டன். ஆனால் என்ர மனசில சந்தேகமில்லை.

நாலு மாசம் கழிச்சுப் பதில் வந்தது. என்ன மரியாதை, என்ன வடிவான இங்கிலீஸ்! முந்நூறு வருசத்துக்கு முந்தி அந்த முதலாளி சொன்ன அதே கதையைத் திருப்பிச் சொல்லுகினம். இவ்வளவு படிச்ச ஆக்களுக்கு வெக்கமில்லையா? செயலாளர் எழுதியிருந்தார்: "பத்திரத்தில ஒரு பேர், வழக்கில வேறொரு பேர்; ஆகவே இவர்கள் இரண்டு பேர் என்றே நாங்கள் கொள்ள வேண்டியிருக்கிறது."

எது முன்னால?

இதை அந்த மனுசிக்குச் சொல்லுறதுக்கு ரூத்தும் நானும் வீடியோவில கூப்பிட்டம். மேன்முறையீடு செய்வம், சும்மா விடுறேல்லை எண்டு நான் கொதிச்சன். தாய் என்னைக் கையமத்திப்போட்டு ஒண்டு கேட்டா. கோட்டில பேர் கேக்கேக்க வில்லியம் எண்டு சொல்லியிருந்தால்? விட்டிருப்பாங்கள் எண்டன். பேந்து, புத்தகம் அவையிட்டயே இருக்கட்டும் எண்டு சொல்லி, பக்கத்தில இருந்த பெரிய பைபிளை மடியில எடுத்து வைச்சா. அதின்ர முன்தாளில அவையின்ர குடும்பத்தில பிறந்தவை செத்தவையின்ர பேரெல்லாம் எழுதியிருக்கு. எல்லாத்துக்கும் மேல ஒரு வரி வெறுமையாக் கிடந்தது.

எழுத்துக் கூட்டிச் சொல்லு பிள்ளை, எது முன்னால எண்டு கேட்டா. தகப்பன்ர பேர்தான் முன்னால எண்டன். ரீச்சர் எழுத்து, நிண்டு நிதானமா எழுதினா: வேலன் முத்து. எழுதி முடிச்சு மூக்குக் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுச் சொன்னா: "நல்லது, தகப்பனும் இதில இருக்கட்டும், அந்த மனுசன் சாகும் வரைக்கும் மகனைத் தேடியிருக்கும்."

பேரைப் பிழையா எழுதினவன்ர தாள் ஆதாரம், பேரைச் சரியாச் சொன்னவன் அடிமை, இரண்டையும் கண்டுபிடிச்ச நான் ஆவணம் நனையாமல் வெளியில போய் அழ வேண்டிய ஆள். இதுதான் ஐயா என்ர தொழில்.