காபி கலர் பெட்ஷீட்

இன்று எனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அம்மாவே நேரில் வந்துவிட்டார். சிட்லபாக்கத்தில் டீச்சர். தாம்பரம் லாட்ஜில் குடியிருக்கும் மாப்பிள்ளையின் லட்சணத்தைப் பார்க்க வேண்டுமாம். டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன்.

என் அறையைச் சுற்றிப் பார்த்தவர், "பெட்ஷீட்ல ஒரு கறைகூட இல்லையே" என்றார். எனக்கு உயிர் வந்தது.

பக்கத்தில் நின்ற லாட்ஜ் முதலாளிக்குப் பாராட்டு தாங்கவில்லை.

"சர்க்கரை டப்பால ரெண்டு கிராம்பு போட்டா எறும்பு அண்டாதும்மா. அதே மாதிரி பெட்ஷீட்டு காபி கலர்ல வாங்கிக்கினா அழுக்கே தெரியாது. இது பொங்கலுக்குத் தோச்சது."

இது ஆவணி மாதம்.

டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு முதலாளியிடம், "இந்தத் துணி எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றார்.

டீச்சருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, பெட்ஷீட்டை மட்டும்தானா? கல்யாணமான நண்பர்கள் சொல்லவும்.