பிருடையைத் தொடாதே

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். முப்பது வருஷமாக மலையாள மண்ணில், இந்தக் கரமனையில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன்; கோபம் வராமல் எப்படி இருக்கும்? ஆனால் இப்போது சொல்லப்போவது என் தப்பை.

இந்த ஊர்க் கோட்டைக்குள் குடியிருந்த என் வயலின் வாத்தியாரிடம் ஒன்பது வயதில் சேர்ந்தேன். எட்டு வருஷம். சரளி வரிசையில் ஆரம்பித்துக் கீர்த்தனைகள் வரை நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். ஒன்று மட்டும் கூடாது: பிருடையைத் தொடக்கூடாது. கம்பியை இழுத்துப் பிடிக்கும் அந்த நாலு மரத் திருகுகளும் அவருடைய சொத்து. போனதும் வயலினை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் சுருதி சேர்த்துத் திருப்பித் தருவார். "தொட்டா கம்பி அறுந்துடும், கேட்டியா" என்பார். நானும் தொட்டதில்லை.

சங்கீதக் கல்லூரியில் சேர வாசித்துக் காட்டப் போனேன். அங்கே தம்புராவைக் காட்டி, "இதுக்குச் சேத்துக்கோ" என்றார்கள். திருகினேன். படீரென்று கம்பி அறுந்தது. "எட்டு வருஷம் படிச்ச குட்டியாக்கும்!" என்று ஒருவர் சிரித்தார். காது நன்றாக இருக்கிறது என்று பாவம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். முதல் மாதம் முழுக்க அழுதுகொண்டே சுருதி சேர்க்கக் கற்றேன். என்னிடம் படிக்கிற யாருக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்று சபதமும் செய்தேன்.

சபதமாவது, மண்ணாங்கட்டியாவது! படிப்பு முடிந்து ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை, சாயங்காலம் வீட்டில் வகுப்பு. முக்கால் மணி நேரத்தில் ஐந்து பேர். ஒவ்வொருவரும் திருகிக்கொண்டு உட்கார்ந்தால் பாடம் எப்போது நடக்கும்? போதாததற்கு இந்த ஊர் மழை. பிருடை ஒரு நாள் இறுகும், ஒரு நாள் நழுவும். "இங்கே கொடு" என்று வாங்கி நானே சேர்த்துவிடுவேன். உள்ளுக்குள் ஒரு பெருமையும் உண்டு, பொய் சொல்வானேன். நான் தொடாமல் என் வீட்டில் ஒரு வயலினும் வாயைத் திறக்காது.

அப்படி என்னிடம் ஆறு வருஷம் படித்தவர் ஓர் அம்மாள். நாகர்கோவில் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர், அரசாங்க ஆபீஸில் வேலை. வயலினைக் கையில் எடுத்தபோது வயது நாற்பத்தொன்று. இந்த வயதில் சரளி வரிசையா என்று வீட்டில் ஒரே கேலி. அவர் அசரவில்லை. போன நவராத்திரிக்குக் கோவில் மண்டபத்தில் ஒரு பெண்ணின் பாட்டுக்கு வாசிக்க அழைத்தார்கள். முதல் மேடை. நாத்தனார், கொழுந்தன் எல்லோரும் முன்வரிசையில்.

"இன்னைக்குச் சொதப்பினேன்னா பொட்டியில வச்சுப் பூட்டிருவேன் டீச்சர். அப்புறம் தொடவே மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றார். விளையாட்டுப் பேச்சில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் வழக்கம்போல் வயலினை வாங்கி, பாடகியின் சுருதியான ஐந்து கட்டைக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன்.

மேடையில் அந்தப் பெண் தொண்டையைச் செருமினாள். "சேச்சி, ஜலதோஷமாக்கும். நாலரையில பாடறேன், கொஞ்சம் இறக்கிக்கோங்கோ" என்று சுருதிப் பெட்டியைத் திருகிவிட்டாள்.

கச்சேரியில் இது சகஜம். பாடுகிறவர் இறங்கினால் வயலினும் இறங்க வேண்டும். பழகியவர்களுக்கு அரை நிமிஷ வேலை. ஆறு வருஷத்தில் ஒரு முறைகூட நான் அந்த வேலையை இவர் கையில் கொடுத்ததில்லை. அவர் ஒரு பிருடையைத் தொட்டார். அது சர்ரென்று நழுவிக் கம்பி தொளதொளத்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சமயமாயி, துடங்காமோ?" என்று கமிட்டிக்காரர் மலையாளத்தில் அவசரப்படுத்தினார்.

எழுந்து மேடைப் படிவரை போய்க் கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். வயலினைத் தரவில்லை. உள்ளங்கையைக் காட்டி, "இருங்க" என்றார்.

படியிலேயே நின்றேன். அவர் பிருடையை அழுத்தித் திருகி, வில்லை இழுத்து, கேட்டு, மறுபடியும் திருகினார். கம்மி. இன்னும் கம்மி. ஐயோ, தாண்டிப் போச்சு! கத்த வேண்டும்போல் இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். கடைசிக் கம்பியும் சுருதியோடு சேர்ந்ததும் பாடகி தலையை ஆட்டி வர்ணத்தை எடுத்தாள். அப்புறம் ஒன்றரை மணி நேரம் வாசித்தார். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். சுத்தமாக வாசித்தார்.

முடிந்து சுண்டலுக்கு வரிசையில் நிற்கும்போது, "எப்படி சேத்தேள்?" என்று கேட்டேன்.

"ஆறு வருசமா நீங்க சேக்கதைக் கேட்டுக்கிட்டுதான இருக்கேன் டீச்சர். காதுக்கு எல்லாம் தந்திருக்கீங்க. கைக்குத்தான் தரல."

குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அடுத்த வகுப்பில் ஐந்து பேரும் வழக்கம்போல் வயலினை என் பக்கம் நீட்டினார்கள். "அவாவா சேத்துக்கோங்கோ" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டேன். ஒரே காட்டுக்கூச்சல். இரண்டு கம்பி அறுந்தது. பக்கத்து வீட்டு மாமி ஜன்னலைச் சாத்தினாள். பாடம் ஒரு வரிகூட நடக்கவில்லை. முப்பது வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வகுப்பு எடுத்ததில்லை.