மீன்காரி திட்ட வேண்டும்

எழுபதுகளில் திருவிடந்தைக் கரையில் மீன் வாங்கப் போகும்போது அவரைப் பார்ப்பேன். கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். விடிய விடிய ஆடிவிட்டு, காதோரம் அரிதாரம் மிச்சமிருக்க, நேராகக் கரைக்கு வருவார். மீன்காரியிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.

"காலங்காத்தால வந்துட்டான் சாவுகிராக்கி" என்பாள் அவள். சிரித்தபடி வாங்கிப் போவார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"ராஜாவாவே வூட்டுக்குப் போனா பொண்டாட்டி புள்ளைங்கள அதட்டிகினு இருப்பேன் சார். இந்தம்மா திட்டனாதான் எறங்குது."

பிறகு அந்த ஊரிலேயே அவர் கூத்து நடந்தது. மறுநாள் காலை அவர் விலை கேட்டதும் மீன்காரி எழுந்து கும்பிட்டாள்.

"ராஜாவே கேட்டா இல்லன்னுவனா? எடுத்துக்கோங்க."

அவர் வாங்கவில்லை. கூத்துப் பார்க்காத ஒருத்தியைத் தேடி, ஒவ்வொரு மீன்கூடையாக நடந்துகொண்டிருந்தார்.