இணைச்சீர் நாளில் படுத்துவிட்ட போர்டு

போர்டைச் சாகடித்தது நான்தான். பழியை மின்சாரத்தின் மேல் போட்டிருக்கலாம், எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். ஆனால் பார்த்துக்கொண்டு ஒரு சாட்சி நின்றிருந்தது.

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மணி நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறார். அவருடைய இன்குபேட்டருக்கு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு செய்து கொடுத்தவன் நான். படித்து வந்த தொழில் அல்ல. போத்தனூரில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவன், வீடியோ பார்த்துப் பார்த்து, பத்துப் பதினைந்து போர்டைப் புகையவிட்டுக் கற்றுக்கொண்டேன். என் போர்டுக்கு வேலை ஒன்றுதான். உள்ளே சூடு முப்பத்தேழரைக்குக் கீழே இறங்கினால் ஹீட்டரைப் போடும், ஏறினால் அணைக்கும். இருபத்தொரு நாள் அடை கிடக்கிற கோழியின் பொறுமை அதற்கு இருந்தாக வேண்டும்.

போன வைகாசியில் அம்மணி கூப்பிட்டார். "ஏனுங்கண்ணா, நாளைக்கு எங்க தம்பிக்கு இணைச்சீருங்க. முன்னூறு முட்டை உள்ள கெடக்குது, நாளானிக்குப் பொரிச்சுப்போடும். மண்டபத்துல உக்காந்துட்டே சூடு எத்தனைன்னு போன்ல பாக்கற மாதிரி பண்ணித் தருவீங்களா?"

இணைச்சீர் என்றால் எங்கள் பக்கத்தில் சாதாரணம் இல்லை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கூடப்பிறந்தவள் உட்கார்ந்தால்தான் அந்தச் சீர் நடக்கும். அது நடக்காமல் கல்யாணம் நகராது. அதிலும் இந்தத் தம்பிக்கு ஆறு வருஷம் தேடிக் கிடைத்த பெண். "பொண்ணு ஊட்டுக்காரங்க மனசு மாறறதுக்குள்ள கட்டி வெச்சரோணுமுங்க" என்றார் அம்மணி.

மறுநாள் காலை லேப்டாப்போடு போனேன். வீட்டில் எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அம்மணிக்கு மூன்று மணிக்குக் கார் வரும். புது புரோகிராம் பாதி ஏறியிருந்தது. அம்மணி டீ நீட்டினார். டம்ளரை வாங்கப் போன என் முழங்கை கேபிளைத் தட்டியது. அவ்வளவுதான், ஏற்றிக்கொண்டிருந்தது நின்றது, போர்டும் நின்றது. பழையதும் அழிந்துவிட்டது, புதியதும் முழுசாக ஏறவில்லை. சிவப்பு லைட் மட்டும் எரிந்தது.

அம்மணி குனிந்து பார்த்தார். "பொண்ணு பாக்கப் போன எடத்துல எங்க தம்பி உக்காந்திருந்த மாதிரியே இருக்குதுங்க. மூஞ்சி மட்டும் பளிச்சுன்னு இருக்குது, வாயே தொறக்க மாட்டீங்குது."

ஓடிக்கொண்டிருக்கிற போர்டு பட்டன் எதையும் அமுக்காமலே புது புரோகிராமை வாங்கிக்கொள்ளும். இப்படிப் படுத்துவிட்டதற்கும் வைத்தியம் உண்டு. போர்டில் பூட் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ரீசெட் பட்டனைத் தட்டினால், போர்டு மற்றதை எல்லாம் மறந்து, புது புரோகிராம் வாங்கத் தயாராக நிற்கும். அமுக்கினேன், தட்டினேன். போர்டு தயாராகவில்லை. மறுபடி அமுக்கினேன். லேப்டாப், எதிர்ப்பக்கம் பதிலே இல்லை என்று எழுதிக் காட்டியது.

இதற்குள் சூடு முப்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. ஹீட்டர் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றி, சுவரில் இருந்த பிளக்கில் நேராகச் சொருகினேன். இனி யாராவது தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து சுவிட்சைப் போட்டு அணைக்க வேண்டும்.

"நீங்க போர்டைப் பாருங்கண்ணா. அது எந்திரிக்கற வரைக்கும் நான் போர்டா இருக்கறேன்" என்று அம்மணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போட்டார், அணைத்தார். போட்டார், அணைத்தார். என் புரோகிராமைவிடச் சுத்தமாகச் செய்தார்.

நான் கேபிளை மாற்றினேன். லேப்டாப்பில் வேறு ஓட்டையில் சொருகினேன். பட்டனை மெதுவாக, வேகமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு என்று விதவிதமாக அமுக்கினேன். மணி ஒன்று ஆனது.

"நீங்க கெளம்புங்க அம்மணி, சுவிட்சை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நாளைக்குப் பொரிக்கற வரைக்கும் கண்ணு மூடாம இருப்பீங்களா? இப்பவே ரெண்டு கொட்டாவி உட்டாச்சு."

"அப்ப முட்டையா தம்பியான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"அந்தக் கேள்விய மட்டும் கேக்காதீங்க. பதில் சொன்னா எங்க தம்பி வருத்தப்படுவான்."

சிரித்துவிட்டோம். ஆனால் அவர் கை சுவிட்சை விட்டு நகரவில்லை. மண்டபத்திலிருந்து மூன்று தடவை போன் வந்தது. மூன்று தடவையும் "கெளம்பீட்டேனுங்க" என்றார்.

எனக்கு ஒரு பாய் உண்டு. கோவை டவுன்ஹால் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை வைத்திருக்கிறார். சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவேன். போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"பூட் பட்டன் அமுக்குனா டிக்குன்னு சத்தம் வருதா?" என்றார்.

"வருது பாய்."

"சத்தத்தை நம்பாதீங்க. எங்க ஊட்லயும் நான் எது சொன்னாலும் 'சரிங்க'ன்னு சத்தம் வருது. ஒரு காரியமாச்சும் நடந்திருக்கா? பட்டனோட ரெண்டு காலும் உள்ள ஒட்டுதான்னு மீட்டர் வெச்சுப் பாருங்க."

மல்டிமீட்டரை வைத்துப் பட்டனை அமுக்கினேன். டிக் என்றது பட்டன். கால்கள் ஒட்டினால் கத்த வேண்டிய மீட்டர் வாயைத் திறக்கவில்லை. பட்டன் பொய் சொல்லியிருக்கிறது, இரண்டு மணி நேரமாக.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பட்டனைச் சுற்றி மஞ்சளாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்தேன். சந்தனம்.

என் சந்தனம்தான். ஆயுத பூஜைக்கு என் பட்டறையில் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்திருந்தேன். அம்மணிக்குக் கொடுக்க வேண்டிய போர்டும் மேஜையில் தயாராக இருந்தது. போர்டுக்கு நெற்றி எது என்று தேடியிருக்கிறேன். இருப்பதில் வட்டமாக, வாகாக இருந்தது அந்தப் பட்டன்தான். சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணீராகக் கரைத்திருப்பேன் போலிருக்கிறது, உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது. புரோகிராம் பூஜைக்கு முன்பே ஏற்றியாகிவிட்டதால், அப்புறம் அந்தப் பட்டனை அமுக்கிப் பார்க்கிற தேவையே வரவில்லை.

அம்மணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பட்டனுக்குக் கண்ணுல வெச்சுட்டீங்களாங்கண்ணா பொட்டை! சாமியே உள்ள போய் உக்காந்துட்டா அப்புறம் பட்டன் எங்கிங்க போகும்?"

போனில் பாயும் கேட்டுக்கொண்டிருந்தார். "பட்டனைக் கும்பிட்டு அனுப்பீருங்க. ரெண்டு காலையும் கம்பி வெச்சு நீங்களே ஒட்டுங்க, அது அமுக்குன மாதிரிதான்" என்றார்.

கம்பி ஏதாவது வேண்டும் என்று பையைக் கிளறினேன். அம்மணி அதற்குள் தோளிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி நீட்டினார். ஒரு கையால் சுவிட்சைப் பார்த்துக்கொண்டே எப்போது பட்டுச்சேலைக்கு மாறினார் என்று எனக்குத் தெரியாது. மணி இரண்டரை.

ஊக்கை விரித்து, பட்டனின் இரண்டு கால்களையும் சேர்த்துத் தொடும்படி ஒரு கையால் பிடித்தேன். இன்னொரு கை ரீசெட்டில். லேப்டாப்பைத் தட்ட மூன்றாவது கை இல்லை.

"அம்மணி, நான் சொன்னதும் அந்தப் பெரிய பட்டனைத் தட்டுங்க."

"வாரேனுங்க" என்று ஸ்டூலோடு நகர்ந்து வந்தார். வலது கை சுவிட்சில், இடது கை லேப்டாப்பில். ரீசெட்டைத் தட்டி விட்டேன். "இப்ப!" என்றேன். தட்டினார்.

திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. பத்து, இருபது, நாற்பது. என் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். நூறு வந்தது. ஹீட்டர் ஒயரைத் திரும்பப் போர்டில் கோர்த்தேன். சில நொடி கழித்து, ஹீட்டரைப் போட்டு அணைக்கிற ரிலே 'டக்' என்றது. ஹீட்டர் தானாகப் பற்றியது. முப்பத்தேழரையைத் தொட்டதும் தானாக அணைந்தது.

அம்மணி அப்போதும் கையைச் சுவிட்சின் மேலேயே வைத்திருந்தார். ஆறு தடவை அது போட்டு அணைத்ததைப் பார்த்த பிறகுதான் எழுந்தார். வெளியே கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் சீர் நடக்கும்போது அவர் வீட்டுக்காரர் ஒரு போட்டோ அனுப்பினார். மாப்பிள்ளை நேராகப் பார்க்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மணி, தலையைக் குனிந்து மடியிலிருக்கும் போனைப் பார்க்கிறார். வந்திருந்த ஒறம்பரைச் சொந்தமெல்லாம், அம்மணிக்கு என்ன ஒரு அடக்கம் என்று நினைத்திருக்கும்.

மூன்றாம் நாள் போன் வந்தது. பேச்சுக்கு முன்னால் கீச்சுக் கீச்சென்று சத்தம்தான் கேட்டது.

"எத்தனைங்க அம்மணி?"

"எண்ண உட்டாத்தானுங்கண்ணா! ஒண்ணு எண்ணறதுக்குள்ள இன்னொண்ணு ஓடிப்போய் எண்ணுன பக்கம் நின்னுக்குது."