தம்பி சொல்லாமல் விட்ட சாட்சி

தம்பியைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்ப நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது நான் நியூசிலாந்தில், ஹென்டர்சனில் வேலை முடிந்து காரில் ஏறியிருந்தேன். அவன் ஐரோப்பாவில் ஒரு நாட்டில் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டுத் தடுப்பு முகாமில் இருந்தான். அங்கிருந்துதான் தொலைபேசி எடுத்தான்; அங்கே அப்போது காலை.

"அக்கா, இன்னும் பன்னிரண்டு நாள்தான். லோயர் கடைசியா ஒரு வழி இருக்குதெண்டு சொல்றா."

அந்த வழி ஒரு நீதிமன்றம். மனித உரிமைக்கும் சனநாயகத்துக்குமென்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பினுடையது. ஒருவரைச் சித்திரவதை நடக்கக்கூடிய இடத்துக்கு உறுப்பு நாடு அனுப்பப் பார்த்தால், 'நாங்கள் விசாரிக்கும்வரை அனுப்பாதீர்கள்' என்று அதனால் சொல்ல முடியும். நான் அதுவரை அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

"அவங்கள் ஏன் உன்னை நம்பேல்லை?"

"என்னைப் பிடிச்ச நேரம் வீட்டில ஆர் இருந்ததெண்டு கேட்டவங்கள். ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னன். சாட்சி இல்லையெண்டு எழுதிப்போட்டாங்கள்."

வீட்டில் நான் இருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது, அவனுக்குப் பதினேழு. உள்ளறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அவனுடைய கைகளை அவனுடைய சேர்ட்டாலேயே கட்டி இராணுவத்தினர் இழுத்துப்போனதைக் கதவிடுக்கால் பார்த்தேன். நாலு மாதம் கழித்து அவன் முதுகில் சூட்டுத் தழும்புகளோடு திரும்பி வந்தான். ஆமி வந்த நேரம் குமர்ப்பிள்ளை வீட்டில் தனிய இருந்தது வெளியில் தெரிந்தால் கலியாணம் நடக்காது என்று அம்மா எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினார். அவன் அதை அதிகாரிகள் முன்னாலும் காப்பாற்றியிருக்கிறான்.

"ஏன்டா என்னைச் சொல்லேல்லை?"

"அத்தானுக்குத் தெரியாதெண்டு நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்."

உண்மைதான். மவுண்ட் ரோஸ்கில்லில் வீட்டுக்கு வந்தபோது கணவர் பருப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கைப்பையைக்கூட வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்பை நிறுத்தினார்.

"உம்மை ஏதும் செய்தவங்களோ?"

"இல்லை. என்னைக் காணேல்லை."

"அப்ப எழுதும். நாளைக்கே எழுதும்." பிறகு, "இத்தனை வருஷமும் எனக்குச் சொல்லப் பயந்தீரோ?" என்றார்.

"ஓம்."

அவர் எனக்கும் சோறு போட்டுத் தந்தார். சாப்பிட்டோம். கோபமா, கவலையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அந்த நீதிமன்றத்துக்கு என் சாட்சியத்தை எழுதினேன். மூன்று தடவை அழித்து எழுதினேன். நான் அழுததை எழுதத் தேவையில்லை, பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னார் வழக்கறிஞர். சேர்ட்டின் நிறத்தை எழுதினேன். எத்தனை பேர் வந்தார்கள், யார் எந்தக் கதவால் வந்தார்கள் என்று எழுதினேன். கணவர் வாசித்து ஆங்கிலத்தைத் திருத்தினார். திருத்தும்போது இரண்டு தடவை எழும்பி வெளியே போய் வந்தார்.

சனிக்கிழமை அவரே நூலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மூலையில் மேசை போட்டு, சமாதான நீதவான் ஒருவர் இப்படியான கடதாசிகளை உறுதிப்படுத்தி இலவசமாகக் கையெழுத்து வைத்துக் கொடுப்பார். அன்றைக்கு இருந்தவர் பிஜி இந்தியர், வயதானவர். இதில் இருப்பது எல்லாம் உண்மையா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமென்றேன். ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாக ஒப்பம் வைத்தார். நான் சத்தியக் கடதாசியைக் காரில் இருந்தபடியே படம்பிடித்து வழக்கறிஞருக்கு அனுப்பினேன்.

விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் தம்பி தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, நிப்பாட்டியாச்சு. கோர்ட் சொல்லிப்போட்டுது, இப்போதைக்கு அனுப்பக்கூடாதாம்."

நான் வேலை செய்யும் கடையின் பின்னறையில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன். கூட வேலை செய்யும் பெண் தேநீர் கொண்டுவந்தாள்.

அந்த நீதிமன்றம் கடைசியில் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அதற்கு முன்பே அந்த நாடு கோப்பைத் திரும்பத் திறந்து, என்னையும் வீடியோவில் மூன்று மணிநேரம் விசாரித்து, ஒரு வருடத்துக்கு மேல் எடுத்து, அவனுக்கு இருக்க அனுமதி கொடுத்தது. இப்போது அவன் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான்.

அனுமதி கிடைத்த அன்று கணவர் தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, "மச்சான், இனி எனக்கு ஒண்டையும் ஒளிக்காதையும்" என்றார். தம்பி சிரித்தது எனக்கும் கேட்டது.